கிடியன் நின்ற இடம்

ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்றான யெல்லின் பொது மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேநீர் விருந்துக்குச் சமையல் பார்க்க ஓஸ்லா மௌவட்டை வரச் சொன்னார்கள். வழக்கமாக அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஓஸ்லாவுக்கு எழுபது வயது. முழங்கால் இரண்டும் சரியாக இருந்தன. தம்பி கிடியன் இறந்த பிறகு ஏழு வருடமாக அவள் மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. யாரும் கூப்பிடாமல் இல்லை. வருகிறேன் என்பாள், வரமாட்டாள். இந்தத் தடவை வேலைக்கென்று கூப்பிட்டதால் வந்தாள்.

உப்பிட்டுப் புகையில் உலர்த்திய ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தன. கதவுக்கு அந்தப்புறம் நாற்காலிகள் இழுபட்டன. பிறகு லோவ்ரி இன்க்ஸ்டரின் குரல் கேட்டது. லோவ்ரி தீவின் பஸ்ஸை ஓட்டுகிறவன்; இடைப்பட்ட நேரத்தில் பள்ளிக்கூடத்தில் பிடில் சொல்லிக்கொடுக்கிறவன்.

“அடுத்தது நம்ம ஊரு சொத்து. ‘பனி விலகின காலை.’ கிடியன் மௌவட் வாசிச்ச வழியில, ஒரு சுரம் மாத்தாம வாசிக்கப்போறோம்.”

ஓஸ்லா கரண்டியைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு பிடில்கள் ஒன்றாக எழுந்தன. முதல் சுற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. கிடியன் அழுத்தும் இடங்களில் எல்லாம் அழுத்தினார்கள். இரண்டாம் சுற்றின் நடுவில் பன்னிரண்டு வில்லும் ஒரே சமயத்தில் நின்றன. ஒரு தாளம் சும்மா கழிந்தது. பிறகு பன்னிரண்டும் ஒன்றாகக் கிளம்பின. அந்தச் சுற்று மறுபடி வந்தபோது அதே இடத்தில் அதே மாதிரி நின்றன.

அவள் அடுப்பைத் தணித்தாள். பானையை மூடினாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போய்க் காற்றில் நின்றாள். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. நாற்பது பேருக்கு சூப் ஊற்ற வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஊற்றினாள்.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதில் ஷெட்லாந்துத் தீவுகளுக்குள் ஓயாத சண்டை. மௌவட் குடும்பம் சொல்வது இது: பாட்டனுக்குப் பாட்டன் கிரீன்லாந்துக்குத் திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல் ஐந்து வாரம் பனியில் சிக்கிக் கிடந்தது, பனி பிளந்த காலையில், கப்பலுக்குள் ஏறிய தண்ணீரைப் பம்பால் இறைத்துக்கொண்டிருந்த ஆட்களுக்காக அவர் இதை வாசித்தார், இரண்டாம் சுற்றில் கேட்கும் ஏற்ற இறக்கம் அந்தப் பம்பின் கைப்பிடிதான். வடக்கே அன்ஸ்ட் தீவில் கேட்டால், ஹெர்ரிங் மீன் பிடிக்க வந்த டச்சுக்காரன் ஒருவன் ஒரு வாளிப் பாலுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது என்பார்கள். அவர்களிடம் அதன் பெயரே ‘டச்சுக்காரன் வாளி’. மூன்று சுற்று வாசிப்பார்கள். மேற்குக் கரையில் அது மேட்டுக்கு அடியில் வாழும் குட்டை மனிதர்களின் பாட்டு; மேட்டில் தூங்கிப்போன ஒருவன் காதில் விழுந்தது. அங்கே இழுத்து மெதுவாக வாசிப்பார்கள், தூங்கினவன் காதில் விழுந்த மாதிரியே.

கல்யாண வீடுகளில் கிடியனும் அன்ஸ்ட் தீவின் டாமஸ் பிரீஸ்ட்டும் சேர்ந்து வாசிக்க நேர்ந்தால் இந்தச் சண்டையும் சேர்ந்து வரும்.

“உங்க மூணாவது சுத்து எங்கடா போச்சு?” என்பார் டாமஸ்.

“எங்களுக்கு டச்சுக்காரன் பாக்கி வைக்கலைண்ணே,” என்பான் கிடியன்.

கிடியன் அப்பாவிடம் கேட்டுப் பழகியவன். ஆனால் இரண்டாம் சுற்றின் நடுவில் அவன் தானாக ஒன்றைச் சேர்த்திருந்தான். உச்சத் தந்தியிலிருந்து அடித்தந்திக்கு இறங்கும் இடத்தில் ஒரு பிடி சுரங்கள். படிக்கட்டில் சிறுபிள்ளை ஓடி இறங்குவது போல. அது வரும்போது ஆடுகிறவர்கள் எல்லோருடைய காலும் தரையில் ஒன்றாக விழும். அதற்காகவே அவனைத் தேடிக் கூப்பிட்டார்கள். வேறு யாரும் அதை முயலவில்லை. ஒருவன் வழியை இன்னொருவன் எடுப்பது அங்கே நாகரிகம் இல்லை.

ஓஸ்லாவுக்குப் பிடில் வராது. பதினைந்து வயதில் அவள் கைகள் மீனுக்குப் போய்விட்டன. லெர்விக் துறையில் கோடையிலும், தெற்கே யார்மத்தில் இலையுதிர் காலத்திலும் ஹெர்ரிங்கின் குடலெடுத்து உப்புப் பீப்பாயில் அடுக்கும் வேலை. கத்தி வெட்டாமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசல் சுற்றிப் பல்லால் முடிச்சுப் போடுவார்கள். வெட்டியபடிதான் இருக்கும், உப்பு உள்ளே போகும். ஆறு பருவம் போனாள். பிறகு அம்மா படுத்தாள். ஓஸ்லா திரும்பி வந்து அம்மாவை ஆறு வருடம் பார்த்தாள். அம்மா போன மறுவருடம் அப்பாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அவரை நான்கு வருடம். அது முடிந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. யார்மத்தில் பீப்பாய் செய்கிற ஒருவன் கொஞ்ச காலம் கடிதம் போட்டான். பிறகு நிறுத்திக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆனால் வாயால் பிடில் வாசிப்பாள். பிடில்காரன் கை ஓய்ந்து உட்காரும்போது ஆட்டம் நிற்காமலிருக்க யாராவது ஒருவர் “டிடில் டை டம், டிடில் டை” என்று பாட்டை வாயால் பிடித்துக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஓஸ்லா அரைமணி நேரம் தாங்குவாள். கிடியனுக்குத் தாகம் எடுத்தால் கூடத்துக்கு அப்பாலிருந்து கத்துவான்: “அக்கா, கொஞ்சம் புடி!” அவன் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை அவள் பிடிப்பாள். படிக்கட்டுச் சுரங்கள் அவள் வாயிலும் பிசகாமல் இறங்கும். ஆடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

கிடியன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சரக்குக் கப்பலில் பாதி வருடம், வீட்டில் பாதி வருடம். 1961 மார்ச்சில், ஆட்டுக்கு வைக்கோல் போடப் போனவன் திரும்பி வரவில்லை. ஓஸ்லா போய்ப் பார்த்தபோது தொழுவத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வாய் கோணியிருந்தது. பேச்சில் “ஆமா” மட்டும் மிஞ்சியது; அது தவிரக் கப்பல்காரர்களின் கெட்ட வார்த்தைகள் எல்லாம் ஒன்று விடாமல் மிஞ்சின. பாதிரியார் வந்து “நல்லா இருக்கீங்களா கிடியன்?” என்று கேட்டபோது இரண்டையும் சேர்த்துப் பதில் சொன்னான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தாள். இப்படிப் படுக்கிறவர்களுக்குக் குதிகாலும் இடுப்பெலும்பும்தான் முதலில் புண்ணாகும். கிடியனுக்கு ஒரு புண்கூட வரவில்லை. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, தலையை முன்னே சாய்த்து, கன்னத்தில் தேங்கியதை விரலால் வழித்து எடுத்து ஊட்டினாள். தண்ணியாகக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போகும். வலது கையை மேசைமேல் வைத்து ஒரு நாளைக்கு நான்கு தடவை மடக்கி நீட்டினாள். அவன் திட்டினான். அவள் மடக்கி நீட்டினாள்.

எட்டாவது மாதம் அவன் சுவரில் மாட்டியிருந்த பிடிலைப் பார்த்து “ஆமா” என்றான். ஓஸ்லா எடுத்துக் கொடுத்தாள். இடது கை விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை பாட்டை மறக்கவில்லை. வலது கையில்தான் வில் நிற்கவில்லை. அவள் பழைய தலையணை உறையைக் கிழித்து, மீன் வேலையில் விரல் சுற்றும் அதே விதத்தில் வில்லை அவன் விரல்களோடு சேர்த்துக் கட்டினாள். தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை. முதல் வருடம் கதவு கிறீச்சிடுவது போலிருந்தது. இரண்டாம் வருடம் பாட்டு தெரிந்தது.

ஒரே ஓர் இடம் மட்டும் வரவில்லை. அடித்தந்தியைத் தொட வேண்டுமானால் வில் பிடித்த கையின் முழங்கை உயர வேண்டும். அவனுக்கு உயராது. படிக்கட்டின் தலைமாட்டில் வில் நிற்கும். அவன் தோளை மொத்தமாகத் தூக்குவான்; கை கூடவே ஏறும்; அதற்குள் ஒரு தாளம் போய்விடும். படிக்கட்டும் போய்விடும். மிச்சப் பாட்டைக் கீழேயிருந்து பிடித்து வாசித்து முடிப்பான்.

அன்றிலிருந்து ஓஸ்லா அந்த வீட்டில் வாயைத் திறந்து ‘பனி விலகின காலை’ பாடவில்லை. சரியாகப் பாடினால் அவனுடைய தவறைச் சுட்டிக் காட்டுவதாகிவிடும்.

1964 ஜூனில் எடின்பரோவிலிருந்து மிஸ் ரேங்கின் வந்தாள். தீவு தீவாகப் போய்ப் பழைய பாட்டுகளை நாடாவில் பதிவு செய்கிறவள். இளம் வயது, நல்ல மாதிரி. அவள் ஒலிப்பதிவுப் பெட்டிக்குக் கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்தது. கிடியனுக்குச் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, வில்லைக் கட்டி உட்காரவைத்தாள் ஓஸ்லா. கட்டுத் துணி தெரியாதபடி சட்டைக் கையை இழுத்துவிட்டாள்.

அவன் வாசித்தான். மிஸ் ரேங்கின் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து தன் பிடில் வந்ததும் கிடியன் சிரித்தான். மூன்று வருடத்தில் முதல் சிரிப்பு. பாதி வாய்தான் சிரித்தது.

“நடுவுல ஒரு இடத்துல நிறுத்தறீங்களே, எப்பவுமே இப்படித்தான் வாசிப்பீங்களா?” என்று மிஸ் ரேங்கின் கேட்டாள்.

“ஆமா,” என்றான் கிடியன். அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வான்.

மிஸ் ரேங்கின் ஓஸ்லா பக்கம் திரும்பினாள். “நீங்க வாயால பாடுவீங்கன்னு கடைக்காரம்மா சொன்னாங்க. இதையே ஒரு தடவை பாடிக் காட்டறீங்களாம்மா?”

ஓஸ்லா தம்பியைப் பார்த்தாள். அவன் இன்னும் பெட்டியையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“எனக்குத் தொண்டை கட்டியிருக்கு,” என்றாள். “டீ குடிக்கறீங்களா?”

பிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கிடியன் இன்னும் மூன்று வருடம் இருந்தான். ஒவ்வொரு மத்தியானமும் இரண்டு மணிக்கு வாசித்தான். 1967 குளிர்காலத்தில் இரண்டாம் முறை விழுந்தான். நான்கு நாளில் முடிந்தது. அதற்கு அடுத்த வருடம் இசைத்தட்டு வந்தது. ஓஸ்லாவுக்கும் ஒன்று அனுப்பினார்கள். அவளிடம் அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

மண்டபத்தில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது லோவ்ரி வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான்.

“அத்தை! எப்படி இருந்துச்சு?”

“உப்பு கொஞ்சம் தூக்கல்.”

“சூப்பைக் கேக்கல அத்தை. பாட்டைக் கேக்கறேன்.”

“நடுவுல நின்னீங்களே. அது யாரு சொல்லிக்கொடுத்தது?”

“கிடியன் சித்தப்பாதான்! இசைத்தட்டுல அப்படியே இருக்கே. நூறு தடவை போட்டுப் போட்டுக் கேட்டு எழுதினேன். கூடவே ஒரு சின்னப் புஸ்தகம் வருது. அதுல என்ன போட்டிருக்குன்னா, நார்வேக்காரங்க காலத்து ஆட்டத்துல இப்படி ஒரு தாளம் கூடுதலா இருந்திருக்கலாமாம், நம்ம கிடியன்கிட்ட மட்டும்தான் அது மிச்சம் இருக்காம். எங்க பிள்ளைங்க அதுக்குக் ‘கிடியன் நிறுத்தம்’னு பேரு வெச்சிருக்குது.”

“பஸ்காரன்கிட்ட படிச்சா நிறுத்தம்னுதான் பேரு வைக்கும்.”

லோவ்ரி சிரித்துக்கொண்டே ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தான். “ஆனா அத்தை, அந்த நிறுத்தம்தான் இந்தப் பாட்டுக்கே உசிரு.”

“உசிரு இல்லடா,” என்றாள் ஓஸ்லா. “பக்கவாதம்.”

அவன் கையிலிருந்த தட்டைத் துடைப்பதை நிறுத்தினான். அவள் சொன்னாள்: முழங்கை உயராது, தோளைத் தூக்குவான், அதற்கு ஒரு தாளம் ஆகும். அதற்கு முன்னால் அங்கே வேறொன்று இருந்தது. அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. தட்டுகளைக் கழுவுவதையும் நிறுத்தவில்லை.

“உடம்பு முடியாம போச்சுன்னு தெரியும் அத்தை. நான் சின்ன வயசுலேயே நியூசிலாந்து போயிட்டேன், அவர் வாசிச்சு நேர்ல கேட்டதில்ல. தட்டுல வாசிச்சிருக்காரே, அதனால குணமாயிட்டாருன்னு…” லோவ்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. “பன்னிரண்டு பேர். நாலு வருஷமா. மேடை மேடையா.”

“நீ என்ன பண்ணுவே. நான்தான் அன்னிக்கு வாயைத் தொறக்கல.”

“இப்பத் தொறங்க. சனிக்கிழமை டேப்ரெக்கார்டர் கொண்டு வர்றேன். நீங்க பாடுங்க. நாங்க பழசை விட்டுட்டு அதைப் புடிச்சிக்கறோம்.”

அவளுக்கு வேண்டியதும் அதுதான். ஊர் கிடியனைக் கேட்கிறபோது நல்ல உடம்போடு இருந்த கிடியனைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் முன்னறையைப் பெருக்கி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த பீட் மண்கட்டிகளை அடுக்கி நெருப்பை மூட்டி வைத்தாள். லோவ்ரி சரியாகப் பதினொரு மணிக்கு வந்தான். ஓட்ஸ் ரொட்டியும் டீயும் கொடுத்தாள். அவன் பாதி ரொட்டியிலேயே பெட்டியை மேசைமேல் வைத்துப் பொத்தானை அமுக்கினான்.

“பதிமூணு வருஷமாச்சு, குரல் இப்படித்தான் வரும்,” என்றாள். நேராக உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். பாதம் தரையில் தட்டத் தொடங்கியது.

குரல் முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. டிடில் டை டம். மண்டபம், கல்யாண விளக்குகள், எழுபது கால்கள். முதல் சுற்று இரண்டு தடவை, இரண்டாம் சுற்று இரண்டு தடவை. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

“இப்போ தெரியுதா?”

லோவ்ரி ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல அத்தை. ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“போட்டுக் காட்டு.”

“அப்புறம் கேக்கலாமே.”

“போடு.”

போட்டான். ஒரு கிழவியின் குரல் தாளம் பிசகாமல் ஓடியது. இரண்டாம் சுற்றின் நடுவில் குரல் நின்றது. பாதம் தட்டும் சத்தமும் நின்றது. ஒரு தாளம் கழிந்தது. கீழேயிருந்து மறுபடி கிளம்பியது.

ஓஸ்லா பெட்டியைப் பார்த்தாள். “இன்னொரு தடவை,” என்றாள்.

இரண்டாம் தடவை கண்ணைத் திறந்துகொண்டே பாடினாள். நின்றது. மூன்றாம் தடவை முழங்காலில் கையால் தட்டித் தாளம் நிற்காமல் பார்த்துக்கொண்டாள். அந்த இடத்தில் தாளம் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது வெறும் டிடில் டிடில் டிடில். அதில் பாட்டு இல்லை. நான்காம் தடவை அவளுடைய வலது தோள் தானாக ஏறி இறங்கியதை லோவ்ரி பார்த்தான். அவளும் பார்த்தாள்.

கரண்டியால் இன்னொருவருக்கு ஊட்டுகிறவள் தன் வாயையும் திறப்பாள். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு வருடம், தினமும் மத்தியானம், அந்த இடம் வரும்போது ஓஸ்லா அவன் எதிரே உட்கார்ந்து தன் தோளைத் தூக்கியிருக்கிறாள். தெரியாமலே தூக்கியிருக்கிறாள். படிக்கட்டின் மேலே நின்று அவனோடு சேர்ந்து ஆயிரம் தடவைக்கு மேல் காத்திருந்ததில் படிக்கட்டே போய்விட்டது.

“விடுங்க அத்தை,” என்றான் லோவ்ரி. “ஒரு தாளம்தானே. நானே நாலு சுரம் போட்டுத் தெச்சிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“போட்டா அது உன்னோட சுரம். அடுத்தவன் சட்டையை எடுத்து என் தம்பிக்கு மாட்டாதே.”

ஓஸ்லா நெருப்பில் இன்னொரு கட்டியைப் போட்டாள். பிறகு லோவ்ரி, “அன்ஸ்ட்ல டாமஸ் பிரீஸ்ட் இருக்காரே,” என்றான். “கிடியன் சித்தப்பா பக்கத்துல உக்காந்து வாசிச்சவராச்சே.”

வியாழக்கிழமை பஸ்ஸுக்கு மாற்று ஆளைப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிப்போனான். படகில் தாண்டி வடக்கே போனார்கள். டாமஸ் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். எண்பத்தாறு வயது, கால்தான் போயிருந்தது, வாய் போகவில்லை.

“யாரு, மௌவட் வீட்டுப் பொண்ணா? நீ இன்னும் சாகலையா?”

“உங்களுக்கு அப்புறம்தாண்ணே,” என்றாள் ஓஸ்லா. போர்வையைத் தூக்கி அவர் குதிகாலைப் பார்த்தாள். சிவந்திருந்தது. மருமகளைக் கூப்பிட்டு, கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்கவிடச் சொன்னாள். அதன்பிறகே வந்த காரியத்தைச் சொன்னாள்.

டாமஸ் பிடிலை வாங்கி ‘டச்சுக்காரன் வாளி’யை மூன்று சுற்றும் வாசித்தார். கை இன்னும் சுத்தமாக இருந்தது. ஓஸ்லா முன்னால் குனிந்து கேட்டாள். இரண்டாம் சுற்றின் நடுவில் அவர் உச்சத்திலிருந்து அடிக்கு நேராகக் குதித்தார். படிக்கட்டு இல்லை.

“இது உங்க வாளிண்ணே. கிடியன் அங்க என்ன வாசிப்பான்?”

டாமஸ் வில்லை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று தடவை பிடிலைத் தோளுக்கு எடுத்துப் போனார், வாசிக்காமல் இறக்கினார்.

“என்னமோ ஒண்ணு பண்ணுவான். நல்லாயிருக்கும்,” என்றார். “முப்பது வருஷம் பக்கத்துல உக்காந்து வாசிச்சேன். அவன் தப்புன்னு அவனுக்குக் காட்டறதுக்காக என்னுதைச் சத்தமா வாசிச்சேன். அவனும் அதேதான் பண்ணினான். ஒருத்தர் வாசிக்கறதை இன்னொருத்தர் எங்கே கேட்டோம்?” அவர் கண் கலங்கியது. மருமகள் வந்து பிடிலை வாங்கிக்கொண்டாள்.

ஆடினவர்களைக் கேட்கலாம் என்று லோவ்ரி சொன்னான். கேட்டும் பார்த்தார்கள். நான்கு பேர் கிடைத்தார்கள். நால்வரும் அந்த இடத்தில் காலை எப்படி வைப்பார்கள் என்று எழுந்து நின்று காட்டினார்கள். ஒருவருக்கும் சுரம் தெரியவில்லை.

அடுத்த வாரம் லோவ்ரி ஒரு செய்தியோடு வந்தான். இசைத்தட்டை மறுபடி போடுகிறார்களாம். புத்தகத்தில் திருத்தம் இருந்தால் அனுப்பும்படி மிஸ் ரேங்கின் கேட்டிருந்தாள்.

“என்ன செய்யலாம் அத்தை? நாங்க அந்தப் பாட்டையே வாசிக்காம விட்டுடவா?”

“விட்டா அவன் பேரும் போயிடும். வாசிங்க.”

“நின்னா?”

“நில்லுங்க. ஆனா நார்வேக்காரன் கதையெல்லாம் வேண்டாம். ஏன் நிக்கறோம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லு.”

“சொன்னா அதுங்களுக்கு அந்த இடத்துல கை நடுங்குமே.”

“நடுங்கட்டும்.”

அவள் மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். நோயாளியைப் பற்றி டாக்டருக்கு எழுதுவது போலவே எழுதினாள். வேறு மாதிரி எழுத அவளுக்குப் பழக்கமில்லை.

‘அன்புள்ள மிஸ் ரேங்கின், நீங்கள் பதிவு செய்தபோது என் தம்பிக்கு வலது பக்கம் விழுந்து மூன்று வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. வில்லை அவன் கையில் நான்தான் கட்டினேன். இரண்டாம் சுற்றில் அவன் நிற்பது கை உயராததால். பழைய ஆட்டம் எதுவும் இல்லை. அவன் “ஆமா” என்றதை நம்பாதீர்கள். அப்போது அவனுக்கு வேறு வார்த்தை கிடையாது. நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கவில்லை. அவன் நன்றாக இருந்தபோது அந்த இடத்தில் சில சுரங்கள் வாசிப்பான். அவை என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. புத்தகத்தில் அதையும் போடுங்கள். வேறு யாராவது தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தால் வாங்காதீர்கள்.’

லோவ்ரி வாசித்துப் பார்த்தான். கடைசி வரி கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டான். ஓஸ்லா கடிதத்தை வாங்கி மடித்து உறையில் போட்டு நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

“தபாலுக்கு நேரமாச்சு,” என்றாள். “பஸ்ஸை எடு.”